ஸ்கேன் பைல் பத்து வருடம் கழித்தும் திறக்க வேண்டும்

யூனிகோட் பரவுவதற்கு முன் ஏதோ ஒரு தமிழ் பாண்ட்டில் டைப் செய்து வைத்த கடிதத்தை இன்று திறந்து பாருங்கள். அந்த பாண்ட் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், திரை முழுக்கப் புரியாத குறிகள்தான் தெரியும். கடிதம் என்றால் வருத்தத்தோடு போய்விடும். ஒரு பாலத்தின் சோதனை பைலுக்கு இந்தக் கதி வந்தால்?

மதுரை ரயில்வே கோட்டத்தின் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. இதன் வெல்டிங் இணைப்புகளை 'பேஸ்டு அரே அல்ட்ராசோனிக்' முறையில் சோதித்தார்கள். இரும்பை வெட்டாமல், ஒலி அலையை உள்ளே அனுப்பி, எதிரொலியை வைத்து விரிசலைக் கண்டுபிடிப்பது இது. வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் போலத்தான். பொருளைச் சிதைக்காத இத்தகைய சோதனைகளுக்குப் பொதுப்பெயர் என்.டி.டி.

பாம்பனின் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். பத்து வருடம் கழித்து ஒரு வெல்டில் சின்னக் குறி தெரிந்தால், அது முதலிலேயே இருந்ததா, புதிதாக வந்ததா? பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் தெரியும். வெறும் 'ஓகே' சர்டிபிகேட் உதவாது.

பாலத்துக்கு மட்டுமல்ல, நம் பட்டறைகளுக்கும் இது பொருந்தும். சாப்ட்வேர் வேலையாக மதுரை கப்பலூர் பக்கம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன. வெல்டிங் மிஷின்கள் நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஒவ்வொரு வெல்டின் கரண்ட், வோல்டேஜ் எல்லாம் சர்வரில் பதிவாகிறது. சோதனை முடிவு மட்டும் நோட்டில் எழுதப்பட்டு, சாயங்காலம் எக்செலில் ஏறுகிறது. மெமரி நிறைந்ததும் கருவியில் இருக்கும் ஸ்கேன்களை அழித்துவிடுகிறார்கள்.

இதனால் என்ன நஷ்டம்? பீஸ் நம்பரும் நேரமும் சேர்ந்து ஸ்கேன் தானாக சர்வருக்குப் போனால், எந்த மிஷினில், எந்தக் கரண்டில் வெல்ட் கெட்டது என்று பத்தாவது பீஸிலேயே பிடித்துவிடலாம். எக்செலுக்காகக் காத்திருந்தால் ஒரு ஷிப்ட் முழுவதும் கழிவாகிவிடும்.

"சின்னப் பட்டறைக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா?" என்பார்கள். இருக்கும் கருவியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அடுத்த கருவி வாங்கும்போது இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஒன்று, ஸ்கேனை 'டைகாண்டி' பார்மட்டில் சேமிக்குமா? ஆஸ்பத்திரி ஸ்கேன் சி.டி.யை எந்த டாக்டரும் திறக்க முடிவது 'டைகாம்' என்ற பொது பார்மட்டால்தான். அதன் தொழிற்சாலைத் தம்பி டைகாண்டி. இரண்டு, வேறு வேறு கம்பெனி மிஷின்கள் ஒன்றோடொன்று பேச உதவும் 'ஓ.பி.சி. யு.ஏ.' வசதி உண்டா?

விற்பவர் மழுப்பினால், உங்கள் டேட்டாவுக்கு அவர் பூட்டுப் போடப் போகிறார் என்று அர்த்தம். விரிசலா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அனுபவமுள்ள ஆய்வாளர் எப்போதும் வேண்டும். ஆனால் அவர் பார்த்தது அவரோடு போய்விடக் கூடாது.

இன்ஜினியரிங் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' வேண்டாம். பக்கத்துப் பட்டறையின் ஸ்கேன் பைல்களைப் பீஸ் நம்பரோடு சேர்த்து வைக்கும் ஒரு சின்ன சாப்ட்வேர் எழுதிக் கொடுங்கள். அதை மறுநாளே உபயோகிக்க ஆள் இருக்கிறது.