இரும்புச் சாவியும் காந்தக் கருவியும்

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பாமரரைப் பார்த்து நகைப்போர் நம்மிடையே பலர். அவர்களிற் சிலர், காந்தக் கருவியொன்றே வலிப்பு நோயைத் தீர்மானித்துவிடும் என்று அதே பக்தியோடு பேசத் தொடங்கியுள்ளனர். விஞ்ஞானத்தின் பகைவரல்லர் நாம். விஞ்ஞானத்தின் பெயரால் பரப்பப்படும் மயக்கத்தையே மறுக்கின்றோம்.

கருவி அற்பமானதன்று. மூளையின் மின்னோட்டம் எழுப்பும் காந்தப் புலம், பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கே. 1968இல் டேவிட் கோஹன் என்ற அமெரிக்க பௌதிக அறிஞர் அதனை அளந்து காட்டினார். பின்னர் வந்த கருவிகளுக்கு, பூச்சியத்துக்குக் கீழே 269 பாகையிலுள்ள திரவ ஹீலியமும் வெளிக் காந்தம் புகாத தனியறையும் வேண்டியிருந்தன. மருந்துக்கு அடங்காத வலிப்புடையோருக்குச் சத்திரசிகிச்சை செய்யுமுன், வலிப்பு கிளம்பும் இடத்தை அறிய அது உதவுகின்றது. காந்த அதிர்வுப் படமோ மூளையிலுள்ள தழும்பையும் கட்டியையும் காட்டும். ஆயினும் படம் செவ்வையாயிருந்தும் வலிப்பு இருக்கலாம். தழும்பிருந்தும் வலிப்பு வராதிருக்கலாம்.

நோயைத் தீர்மானிப்பதில் முதலிடம் கண்டவரின் சாட்சியத்துக்கே உரியது. எப்படி விழுந்தார், எந்தக் கை முதலில் துடித்தது, எவ்வளவு நேரம் நினைவிழந்திருந்தார்? இவற்றைச் சொல்லக்கூடியவர் தாய்; உடன் வேலை செய்தவர்; ஆசிரியர்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவருள் 80 சதவீதமளவினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கின்றனரென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தக்க சிகிச்சை கிடைப்பின் 70 சதவீதம் வரையிலானோர் வலிப்பின்றி வாழலாம். 1912 முதல் வழக்கிலுள்ள பினோபாபிட்டோன் மாத்திரைக்கு ஆண்டொன்றுக்கு ஆகும் செலவு 5 டொலரளவே. அப்படியிருந்தும் மிக வறிய நாடுகளில் நோயாளரில் முக்கால்வாசிப் பேர் சிகிச்சையின்றியே கிடக்கின்றனர். இலாபம் தராத மாத்திரையை ஏழையின் வாசலுக்குக் கொண்டுசெல்ல எந்த முதலாளி முன்வந்தான்? கோடிகளை விழுங்கும் கருவிக்கு விளம்பரம் செய்யவோ ஆளுக்குப் பஞ்சமில்லை.

பாடத்தின் நடுவே சில வினாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, நடந்தது எதுவும் அறியாது மீளும் பிள்ளைகள் உண்டு. அதுவும் வலிப்பின் ஒரு வகையே. அத்தகைய பிள்ளையைக் கவனமில்லாதவனென்று பிரம்பால் அடித்தவர்கள் நம் ஆசிரியரணியிலும் இருக்கின்றனர். வெட்கத்துடனேயே இதைச் சொல்கின்றோம். பிரம்பை வைத்துவிட்டு, கண்ட நேரத்தையும் நிகழ்ந்த விதத்தையும் தாளொன்றில் எழுதித் தாயின் கையில் கொடுத்திருப்பின், வைத்தியர் முதலில் கேட்டிருக்கக்கூடியது அந்தத் தாளையே.