கையெழுத்துக்கு முன் சொல்லின் பொருள் தெரிய வேண்டும்

செட்டிநாட்டுக் கண்மாய்ப் பாசனத்தில் ஒருபோக நெல் பயிரிடும் சிறு விவசாயிக்கு விதை, உரம், கூலிக் கணக்கெல்லாம் விரல் நுனியில் உண்டு. ஆனால் வங்கியில் நீட்டப்படும் தாளில் உள்ள சில ஆங்கிலச் சொற்கள் தெரியாமல் போவதால் கைப்பணம் நஷ்டமாகிறது. இச்சொற்களைக் கற்பதையும் உழவுத் தொழிலின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

முதலாவது 'டியூ டேட்'. கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய கெடு இது. வங்கிகள் தரும் மானிய வட்டிப் பயிர்க்கடனுக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டுவோருக்கு மத்திய அரசு 3 சதவீதம் சலுகை அளிப்பதால் 4 சதவீதமே விழும். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஓராண்டில் 3,000 ரூபாய் மிச்சம். கெடு தவறினால் கடன் 'ஓவர்டியூ' ஆகிவிடும், சலுகையும் போய்விடும்.

அடுத்தது 'கிரெடிட்'. பாஸ் புத்தகத்தில் இது வரவு. 'டெபிட்' என்பது பற்று. ஆனால் 1998-ல் வந்த கிசான் கிரெடிட் கார்டில் அதே சொல் கடனைக் குறிக்கிறது. அந்தக் கார்டில் எடுக்கும் பணம் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது.

'பிரீமியம்' என்பது காப்பீட்டுக் கட்டணம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2020 முதல் கடன் பெற்றவர்களுக்கும் கட்டாயமன்று. வேண்டாதவர்கள் உரிய நாளுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டுவோர் அத்தொகை தம் கணக்கில் பற்று வைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

'கியாரண்டர்' என்றால் ஜாமீன்தாரர். பக்கத்து வயல்காரருக்காக அந்த இடத்தில் கையெழுத்திடுபவர், அவர் கட்டாவிட்டால் தாமே கட்டக் கடமைப்பட்டவர்.

இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் வேண்டியதில்லை. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்ற தமிழ்ச் சொற்களைக் கொண்டே நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்தினர். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூனுடன் காரைக்குடியிலும் ஒரே நேரத்தில் கிளை திறக்கப்பட்டது. கணக்கு இம்மண்ணுக்குப் புதிதன்று, பெயர்தான் மாறியிருக்கிறது.

பொறுப்பு விவசாயிக்கு மட்டும் உரியதன்று. பொதுமக்கள் பயன்படுத்தும் வங்கிப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. எனவே தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கலாம். வங்கி ஊழியர்களும் இச்சொற்களைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கச் சுவரில் பத்துச் சொற்களைப் பொருளோடு எழுதி வைத்தால் செலவு அதிகமாகாது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் வாரம் ஒருநாள் பாஸ் புத்தகத்தைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டலாம்.

விதையை முளைப்புத் திறன் பார்த்து விதைக்கும் விவசாயி, தாளையும் பொருள் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.