மண்ணை அறியாத கல்வி

நான்கு புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு. மூன்று புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீபகற்பம். நம் வீட்டுப் பிள்ளைகள் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கின்றனர். தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அதே பிள்ளையிடம், "மழை பெய்தால் நம் தெருவின் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும்?" என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென விழிக்கும். பிள்ளை கிடக்கட்டும், பெற்றோராகிய நம்மில் எத்தனை பேருக்கு அதன் விடை தெரியும்?

மனப்பாடம் செய்த இந்த வரையறைகளுக்குக் கல்வி என்று பெயர் சூட்டியிருக்கிறோம். பள்ளியில் 'மலை' செய்துவரச் சொன்னால் தெர்மாகோலும் வண்ணமும் கடையிலிருந்து வருகின்றன. நள்ளிரவு வரை விழித்திருந்து உம்மா மலை செய்கிறார், பிள்ளை உறங்குகிறது, மறுநாள் பரிசு பெறுகிறது. கோடை விடுமுறையில் உண்மையான மலைக்கே அழைத்துச் சென்றாலும், அதற்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

திருக்குர்ஆனின் 88ஆம் அத்தியாயமான அல்காஷியாவில், மனிதர்கள் சிந்தித்து நோக்க வேண்டியவையாக அல்லாஹ் நான்கினைச் சுட்டிக்காட்டுகிறான்: ஒட்டகம், வானம், மலை, பூமி. நான்கில் இரண்டு, நிலத்தின் அமைப்பைப் பற்றியவை. அந்த அத்தியாயத்தை நம் பிள்ளைகள் அழகுறத் தஜ்வீதுடன் ஓதுகின்றனர். ஆனால், நோக்குமாறு இறைவன் கூறியதை நோக்க அவர்களை நாம் அழைத்துச் செல்வதில்லை.

நபிகளாரின் வரலாற்றைக் கற்பிக்கும்போதும் நிலத்தை விட்டுவிட்டே கற்பிக்கிறோம். மக்கா, வறண்ட பாறைக் குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு. குன்றுகளில் விழும் மழை மண்ணில் ஊறாமல் தாழ்விடத்தை நோக்கிப் பாயும். கஅபா அந்தத் தாழ்விடத்தில் அமைந்துள்ளது. நபித்துவத்திற்கு முன் வெள்ளத்தால் அதன் சுவர்கள் பழுதுற்றதும், குறைஷிகள் அதனைப் புதுப்பித்ததும், ஹஜருல் அஸ்வத் கல்லை வைப்பதில் எழுந்த பூசலை நபி (ஸல்) அவர்கள் தீர்த்துவைத்ததும் நாம் அறிந்தவை. 1941இல்கூட கஅபாவைச் சுற்றி வெள்ளம் தேங்கி, மக்கள் நீந்தினர். பள்ளத்தாக்கு என்றால் என்னவென்று அறிந்த பிள்ளைக்கு இந்த வரலாறு கண்முன் விரியும்.

உஹதுப் போரில் ஒரு சிறு குன்றின்மேல் ஐம்பது வில்லாளிகளை நபி (ஸல்) அவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? அவர்களுள் பெரும்பாலோர் இறங்கியதும் போக்கு ஏன் மாறியது? அகழ்ப்போரில் மதீனாவின் வடபுறத்தில் மட்டும் ஏன் அகழி தோண்டப்பட்டது? கிழக்கிலும் மேற்கிலும் குதிரைகள் எளிதில் கடக்க முடியாத கரிய எரிமலைப் பாறைவெளிகள். தெற்கே பேரீச்சந் தோப்புகளும் குடியிருப்புகளும். திறந்து கிடந்தது வடக்கு. அந்த நிலத்தை ஒரு தட்டு மணலில் அமைத்துக் காட்டினால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். காட்டாதவரை ஊர்ப் பெயர்களும் ஆண்டுகளுமே அதற்கு மிஞ்சும்.

"புவியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்போர் உண்டு. அவர்களை 2023 டிசம்பருக்கு அழைக்கிறேன். அந்த மாதம் 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. தூத்துக்குடி மாவட்டம் நீரில் மிதந்தது. அத்தகைய மழையைத் தடுக்க எவராலும் இயலாது. அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால், தாழ்நிலம் எது, மேட்டுநிலம் எது, பழைய ஓடை எவ்வழியே கடலுக்குச் சென்றது என்று அறிந்திருப்பது நம் கடமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கக் கற்ற சமுதாயம், குளத்தைத் தூர்த்து மனை போட்டுவிட்டு விதியை நொந்துகொள்வது முறையாகுமா? இன்று நிலத்தைப் படிக்காத பிள்ளைதான், நாளை ஓடையின்மேல் வீடு கட்டும்.

நம் ஊர்ப் பெயர்களே புவியியல் பாடங்கள். காயல் என்பது கடலோரத்து உப்பங்கழி. கீழக்கரையில் கரை இருக்கிறது. நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் என்னும் பெயர்களில் உள்ள பட்டினம் கடற்கரை ஊரைக் குறிக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்து எழுதிய காயல் துறைமுகம், இன்றைய பழையகாயல் பகுதியில் இருந்ததாக அறிஞர் கூறுவர். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைத் தள்ளிவிட, துறைமுகம் நிலத்துக்குள் ஒதுங்கியது. கழிமுகம் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் எந்த நூலில் உண்டு?

நேரமில்லை என்று கூறாதீர்கள். அஸர் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் போதும். ஒரு தட்டில் மணலைக் குவித்து, பிள்ளையின் கையாலேயே தண்ணீர் ஊற்றச் செய்யுங்கள். நீர் வழி தேடுவதும், மணலை அரிப்பதும், அடியில் கொண்டுபோய்ப் படியவைப்பதும் அதன் கண்முன்னே நிகழும். மழை விட்டதும் தெருவில் நடத்திச் சென்று, நீர் எங்கே தேங்குகிறது என்று காட்டுங்கள். முன்பு குளம் இருந்த இடங்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். மக்தப் உஸ்தாதுகளும் மாதம் ஒரு நாள் பாடத்தை ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ நடத்தலாம். வரையறைகள் அதன் பிறகு வரட்டும். அப்போது அவை தாமாகவே மனத்தில் நிற்கும்.

பார்க்கும் கண்களையும் சிந்திக்கும் உள்ளத்தையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.