செஞ்சிக்கு யுனெஸ்கோ, செஞ்சிப் பெண்ணுக்கு விசிட் விசா

செஞ்சிக் கோட்டையைப் பார்த்து இருபது வருஷமாச்சு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் என்று பன்னிரண்டைச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று நம்ம ஊரில். செய்தி படித்ததும் ரோஷம் வந்து ஒரு நாள் கிளம்பிவிட்டேன். ராஜகிரியில் பாதி தூரம் ஏறினேன். அதற்குமேல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன்.

எதிரே மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ். ‘வெளிநாட்டில் வீட்டோடு தங்கிக் குழந்தை பார்த்துக்கொள்ளப் பெண்கள் தேவை. படிப்பு தேவையில்லை. விசா, டிக்கெட் இலவசம்.’ கீழே ஒரு செல்போன் நம்பர். கம்பெனி பெயர் கிடையாது, முகவரி கிடையாது. எந்த நாடு என்றுகூடப் போடவில்லை.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த டீக்கடைக்கார அம்மா சிரித்தார். “நானும் அப்படிப் போனவதான் சார். குவைத்து. நாலு வருஷம்.”

இந்த இடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். சூடு போட்டார்கள், பட்டினி போட்டார்கள், மாடியிலிருந்து குதித்தார். நமக்கு அப்படிப்பட்ட கதைதான் பழக்கம். 2015-ல் ரியாத்தில் வீட்டு வேலை செய்த வேலூர் மாவட்டப் பெண் ஒருவர் கையை இழந்து திரும்பி வந்தபோது ஒரு வாரம் துடித்தோம். அப்புறம் தீபாவளி வந்தது. மறந்துவிட்டோம்.

அந்த அம்மா சொன்னது வேறு. “அடிக்கல்லாம் இல்ல சார். நல்லவங்கதான். புள்ளைங்க என்னைத்தான் மாமான்னு கூப்புடும். அங்க அம்மாவுக்கு மாமான்னு பேரு. ஆனா தூங்க விடல. காலைல அஞ்சுக்கு எழுந்தா ராத்திரி அவங்க விருந்தாளி போற வரைக்கும். ஸ்டோர் ரூம்ல படுக்கை. வெள்ளிக்கிழமை லீவு கேட்டதுக்கு, ‘எங்க போகப் போற, உனக்கு இங்க யார் இருக்கா’ன்னு கேட்டாங்க. அதுவும் நியாயந்தானே?”

நியாயமா? குவைத்தில் 2015-லேயே வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வாரம் ஒரு நாள் லீவு. வருஷத்துக்கு ஒரு மாதம் சம்பளத்தோடு விடுமுறை. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. 2016-ல் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்றும் நிர்ணயித்தார்கள். இந்த அம்மா போனது 2017-ல். அதாவது, அவர் கெஞ்சிக் கேட்டு மறுக்கப்பட்ட அந்த வெள்ளிக்கிழமை, சட்டப்படி அவருடையது. இதை நான் சொன்னபோது டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. “அப்படியா?” என்றார். நாலு வருஷம் முடிந்து, ஊர் திரும்பி, கடை போட்டு இவ்வளவு காலம் கழித்து ஒரு டீ குடிக்க வந்தவன் சொல்லித்தான் தெரிகிறது.

இதை விமானம் ஏறும் முன்பே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது யார்? நம் அரசு. ஏன் சொல்லவில்லை? அரசைப் பொறுத்தவரை அவர் குவைத்துக்குப் போகவே இல்லை. துபாயைச் சுற்றிப் பார்க்கப் போனார்! ஏர்போர்ட்டில் கேட்டால் ‘டூர்’ என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று ஏஜென்ட் மூன்று நாள் பாடம் நடத்தியிருக்கிறார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய செஞ்சிப் பெண், கழுத்தில் மஞ்சள் கயிறோடு, கையில் ஒரு ரெக்சின் பையோடு, தனியாக துபாய் டூர் போகிறார். அதிகாரியும் முத்திரை குத்துகிறார். துபாயில் வேறொரு ஆள் வந்து, குவைத் விசாவைக் கையில் கொடுத்து விமானம் மாற்றி ஏற்றியிருக்கிறார்.

இந்த நாடகம் எதற்கு? பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் ‘குடியேற்றச் சோதனை தேவை’ என்று இருக்கும். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக ஒரு பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் விதி. 2016-ல் இன்னொரு பூட்டும் போட்டார்கள். இவர்களைத் தனியார் ஏஜென்ட்கள் அனுப்பக்கூடாது, அரசு நிறுவனங்கள் மட்டுமே அனுப்பலாம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று 1978-லிருந்தே ஒன்று இருக்கிறது. “கேள்விப்பட்டதே இல்லையே சார்” என்றார் அந்த அம்மா. மின்கம்பத்தில் ஏஜென்ட்டின் நம்பர் இருக்கிறது. அரசு நிறுவனத்தின் நம்பர் இல்லை. ஒரு பக்கெட் பசை வாங்கக்கூடவா நிதி இல்லை?

அப்போது அவருக்கு வயது 27. அதே வீட்டிலிருந்து 19 வயதுத் தம்பி கல்லு மண்ணு சுமக்க சவூதிக்குப் போகலாம். அவனை வயசு கேட்டு மறிக்க யாருமில்லை. 25 வயதில் ஒரு பெண் செஞ்சித் தொகுதியில் எம்.எல்.ஏ. வேட்பாளராக நிற்கலாம். ஜெயித்தால் இந்தச் சட்டங்களைப் பற்றிப் பேசலாம். ஆனால் 29 வயதில் தன் உழைப்பை எங்கே விற்பது என்று தானே முடிவு செய்யக்கூடாது. கேட்டால், பாதுகாப்பு!

பெண்ணைப் பாதுகாப்பது என்றாலே நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி கோட்டைக் கதவைச் சாத்துவதுதான். செஞ்சிக்காரர்களுக்கு இது புதுசா என்ன? 1690-லிருந்து எட்டு வருஷம் முகலாயர்கள் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்தபோதும், சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்து நழுவிப் போய்விட்டார். வயிறு துரத்துகிறவர்களும் நழுவுவார்கள். கதவைச் சாத்தியதில் ஒரே ஒரு மாற்றம்தான். போகிறவர்கள் நேர் வழியை விட்டுவிட்டு ஏஜென்ட் காட்டும் வழியில் போகிறார்கள். முறைப்படி அனுமதி பெற்றுப் போகிறவருக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. ஒப்பந்தப் பேப்பர் தூதரகத்தில் இருக்கும். ‘டூர்’ போனவருக்கு எதுவும் இல்லை. செத்தால்கூட அவர் சுற்றுலாப் பயணி.

வயசு விதியை ஏஜென்ட் எப்படிச் சமாளிப்பார் என்பதற்கு இலங்கையில் ஒரு பயங்கரமான உதாரணம் உண்டு. மூதூரிலிருந்து 2005-ல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண்ணின் கையில் நாலு மாதக் குழந்தையைக் கொடுத்தார்கள். குழந்தை இறந்தது. கொலை என்றார்கள். பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்றாள் அவள். அவளுக்கு அப்போது 17 வயதுதான், பாஸ்போர்ட்டில் கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று குடும்பம் கதறியது. 2013 ஜனவரியில் தலையை வெட்டினார்கள். விதி இருந்தது. அது பாஸ்போர்ட்டில் ஒரு வருஷத்தைத் திருத்தும் வேலையாகத்தான் முடிந்தது.

இப்போது ஐரோப்பாவுக்கு வாருங்கள். அங்கேயும் இளம்பெண்கள் வேறு நாட்டுக் குடும்பத்தோடு தங்கிக் குழந்தை பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் ‘ஓ பேர்’. பிரெஞ்சு வார்த்தை. ‘சமமாக’ என்று அர்த்தம். வேலைக்காரி இல்லை, குடும்பத்தில் ஒருத்தி என்று கணக்கு. 1969-லேயே ஐரோப்பிய நாடுகள் இதற்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. ஜெர்மனி விதிகளைப் பாருங்கள். வாரத்துக்கு 30 மணி நேரம்தான் வேலை. ஒன்றரை நாள் லீவு. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு. மொழி வகுப்புக்குப் போகக் குடும்பமே பணம் தர வேண்டும். குறைந்தது 8 சதுர மீட்டரில் தனி அறை. அந்த அறைக்கு ஜன்னல் இருக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஜன்னல்!

வேலை ஒன்றுதான். அதே டயபர், அதே பால் பாட்டில், அதே ராத்திரி அழுகை. ஒருத்திக்கு ஜன்னல், இன்னொருத்திக்கு ஸ்டோர் ரூம்.

உடனே வெள்ளைக்காரன் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். நார்வேயில் இந்த ஏற்பாட்டில் போனவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். மொழி கற்க வந்தவள் என்ற பெயரில் மலிவு விலைக்கு வேலைக்காரி கிடைக்கிறாள் என்று ஊரே பேசி, கடைசியில் 2024-ல் அந்த அரசே திட்டத்தை மூடிவிட்டது. ஏழை நாட்டுப் பெண் வந்து நின்றதும் ‘சமம்’ வெறும் ‘பேர்’ ஆகிவிடுகிறது.

நமக்கு இது பழைய கதை. ‘ஆயா’ என்கிறோமே, போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போன சொல் அது. துரைமார் லீவில் லண்டன் போகும்போது, கப்பலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய் ஆயாக்களைக் கூட்டிப் போவார்கள். இறங்கியதும் பலரை அப்படியே விட்டுவிடுவார்கள். திரும்பி வரக் கப்பல் டிக்கெட் கிடையாது. இப்படி நடுத்தெருவில் நின்ற பெண்களுக்காகவே லண்டனில் ‘ஆயாக்கள் இல்லம்’ என்று ஒன்று நடந்தது. 1900-ல் அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. 2022-ல் அந்த வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். கோட்டைக்கு ஒரு பலகை, ஆயாவுக்கு ஒரு பலகை. எல்லாம் செத்த பிறகு.

அரபிக்காரனையும் துரையையும் திட்டியாகிவிட்டது. நம்ம ஆள்?

2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைதானார். வீட்டோடு தங்கிக் குழந்தை பார்த்துக்கொண்ட இந்தியப் பெண்ணுக்கு மணிக்கு 9.75 டாலர் என்று விசா பேப்பரில் காட்டி, மாதம் 30,000 ரூபாய்க்குத் தனி ஒப்பந்தம் போட்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். தூதரகப் பாதுகாப்பு இருந்ததால் வழக்கு விசாரணை வரைக்கும் போகவில்லை. அவரைக் கைது செய்து சோதனை போட்ட விதம் அநாகரிகம்தான், கோபம் வர வேண்டியதுதான். ஆனால் டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் இருந்த தடுப்புகளையே அகற்றும் அளவுக்குக் கோபப்பட்ட தேசம், அந்தப் பணிப்பெண்ணும் இந்தியக் குடிமகள்தான் என்று ஒரு நிமிஷமாவது நினைத்ததா? 2024 ஜூனில் ஜெனிவா நீதிமன்றம், இந்தியாவிலிருந்து கூட்டிப்போன வீட்டுப் பணியாளர்களைச் சுரண்டியதாக இந்துஜா குடும்பத்தில் நாலு பேருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. ஆள்கடத்தல் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஒரு பணியாளுக்குக் கொடுத்ததைவிட வீட்டு நாய்க்குச் செய்த செலவு அதிகம் என்று அந்த வழக்கில் அரசு வக்கீல் வாதாடினார்.

ஜெனிவா வரை ஏன் போக வேண்டும்? இதைப் படிக்கிற உங்கள் அபார்ட்மென்ட்டையே எடுத்துக்கொள்வோம். வீட்டோடு தங்க ஒரு பெண் வேண்டும் என்றால் எங்கே சொல்லி வைக்கிறீர்கள்? விழுப்புரம் பக்கம், திருவண்ணாமலை பக்கம், ‘நம்பிக்கையான, ஏழைப்பட்ட பொண்ணா’. வந்தவள் எங்கே படுக்கிறாள்? ஹாலிலா, அடுப்படியிலா? அவள் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது? கடைசியாக எந்த ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்தீர்கள்? “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான் வெச்சிருக்கோம்” என்பீர்கள். உங்கள் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள்? தயவுசெய்து எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உங்களுக்கே பதில் சொல்லிக்கொண்டால் போதும்.

வீட்டு வேலையும் வேலைதான் என்று 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா ஜம்மென்று ஆதரித்து ஓட்டுப் போட்டது. இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007-ல் நலவாரியம் வந்தது. அது நல்ல விஷயம்தான். ஆனால் வேலை நேரத்தையும் லீவையும் சொல்லும் தேசியச் சட்டம் கிடையாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே பொறுக்கமாட்டாமல், இதற்கு ஒரு சட்டம் தேவையா என்று பார்க்கக் குழு அமைக்கச் சொன்னது. ஏன் இத்தனை தயக்கம்? அப்படி ஒரு சட்டம் வந்தால் முதலில் மாட்டப்போவது குவைத்காரன் இல்லை. அதை எழுத வேண்டிய அதிகாரி, ஓட்டுப் போட வேண்டிய எம்.பி., அதைப் பற்றிப் பத்தி எழுதும் என்னைப் போன்றவர்கள். சொந்த ஊரில் வாரம் ஒரு நாள் லீவு கொடுக்காத நாடு, குவைத்திடம் எந்த முகத்தோடு வெள்ளிக்கிழமை கேட்கும்?

பிலிப்பைன்ஸ் கேட்டது. 2006-லேயே, எங்கள் பெண்ணுக்கு மாதம் 400 டாலருக்குக் குறைந்து கொடுத்தால் அனுப்ப மாட்டோம் என்று விதி போட்டது. 2018-ல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல் வீட்டு ஃப்ரீசரில் கிடந்தபோது ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கக்கூடாது, செல்போன் வைத்துக்கொள்ள விட வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தடையை நீக்கியது. அவர்களும் கதவைச் சாத்தினார்கள். ஆனால் பேரம் பேசுவதற்காக. நாமோ சாத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டோம்.

இரண்டாவது டீயும் வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார். குவைத்தில் மாதம் 70 தினார், அப்போது நம்ம காசுக்கு 15,000 வந்தது. அதில்தான் வீட்டுக் கடனை அடைத்து இந்தக் கடையும் போட்டிருக்கிறார். “போனது தப்புன்னு சொல்ல மாட்டேன் சார்” என்றார். விட்டுப் போனபோது மகளுக்கு நாலு வயசு. திரும்பி வந்தபோது அந்தக் குழந்தை பாட்டியை அம்மா என்றும், இவரைக் கொஞ்ச நாள் ‘குவைத்தம்மா’ என்றும் கூப்பிட்டிருக்கிறது. அங்கே வளர்த்த பிள்ளைகளோ இன்னும் போனில் ‘மாமா, சோறு’ என்று இவர் சொல்லிக்கொடுத்த தமிழைப் பேசுகின்றனவாம்.

மகள் இப்போது எட்டாவது. திண்டிவனம் பஸ் வந்துவிட்டது. எழுந்து பையை எடுத்தபோது அந்த அம்மா கேட்டார்:

“பத்தாவது பாஸ் பண்ணிட்டா பாஸ்போர்ட்ல அந்தச் சோதனை முத்திரை வராதாமே, நெசமா சார்?”