தனியாகச் சென்ற கப்பலோட்டி



மாலை மக்தப் கலைந்த பின்னரும் வீடு செல்ல மனமின்றி நிற்கும் மாணவர் சிலர் எப்போதும் உண்டு. அவர்களுள் ஒருவன் சென்ற மாதம் என்னிடம், "ஹஜ்ரத், எஞ்சின் இல்லாமல், ஒரே ஆளாக, உலகத்தைக் கடலில் சுற்றி வந்தவர் யாராவது இருக்கிறாரா?" என்று வினவினான். இருக்கிறார். அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோகம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, பெரிய பாய்க்கப்பல்களின் தலைவராக வாழ்ந்தவர் அவர். நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்தில் அவருடைய தொழில் நொடித்தது. ஒரு வயலில் கேட்பாரற்றுக் கிடந்த 'ஸ்ப்ரே' என்னும் பழம் படகு அவர் கைக்கு வந்தது. 13 மாதங்கள் உழைத்து, 553 டாலர் 62 சென்ட் செலவில் அதனைப் புதுப்பித்தார். நீளம் 37 அடிக்கும் சற்றுக் குறைவு. 1895 ஏப்ரல் 24 அன்று, தமது 51ஆம் வயதில், பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரம் பார்க்க அவர் கொண்டு சென்றதோ, முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்கு மலிவாய்க் கிடைத்த தகரக் கடிகாரம்! பிற்பாடு அதன் நிமிட முள்ளும் கழன்று போயிற்று.

அசோர்ஸ் தீவுகள், ஜிப்ரால்டர், மகெல்லன் நீரிணை, ஹுவான் பெர்னாண்டஸ் தீவு என்று பயணம் நீண்டது. அங்கிருந்து எந்தத் துறையிலும் ஒதுங்காமல் 72 நாள்கள் ஓடி சமோவாவை அடைந்தார். எழுத்தாளர் ஸ்டீவன்சனின் விதவை மனைவி அங்கே அவரை வரவேற்று, தம் கணவர் வைத்திருந்த கடல்வழி நூல்களைப் பரிசளித்தார்.

நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்பும் இடம் இந்தியப் பெருங்கடல். சுமத்ராவுக்குத் தென்மேற்கே கோகோஸ் கீலிங் என்னும் பவளத் தீவுகள் உள்ளன. கடல் மட்டத்திற்குச் சில அடிகளே உயர்ந்த மணல் திட்டுகள் அவை. ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து அங்கே 2,700 மைல்; எடுத்தது 23 நாள். அத்தனை நாள்களிலும் அவர் சுக்கானைக் கையால் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்திற்கும் மேலில்லையாம். சுக்கானைக் கயிற்றால் பிணைத்துவிட்டால், மாறாமல் வீசும் காற்றில் ஸ்ப்ரே தானே வழிபிடித்துச் செல்லும். 1897 ஜூலை 17 அன்று ஒரு வெண்பறவை படகை வட்டமிட்டது. பாய்மரத்தில் ஏறிப் பார்த்தார். நீரிலிருந்து நேரே முளைத்தாற்போல் தென்னை மரங்கள்! இறங்கி வந்து, நடுக்கம் தாளாமல் தளத்தில் அமர்ந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

அத்தீவுகளில் வாழ்ந்தவர்கள் மலாய் முஸ்லிம்கள். அவர்களின் குழந்தைகள் ஸ்ப்ரேயை விட்டு அகலவில்லை. ஒருநாள் அவர் ரொட்டியில் கருநிறப் பழ ஜாம் தடவியதைக் கண்டு, "கேப்டன் தார் தின்கிறார்!" என்று அலறி ஓடினார்களாம். அந்தத் 'தார்' இனிக்கும் என்று அறிந்த பிறகு நிலைமை என்னவாகியிருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெருங்கடலில் தப்பியவரைப் பேராபத்து தேடி வந்ததும் அங்கேதான். பெரிய சிப்பிகள் எடுப்பதற்காக, ஓர் ஆப்பிரிக்கத் தோழருடன் ஓட்டைப் படகொன்றில் சென்றார். பாய் மக்கியிருந்தது, துடுப்பு இல்லை. திடீர்க் காற்றில் பாய் கிழிந்தது. படகு திறந்த கடலை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. அத்திசையில் அடுத்த கரை 3,000 மைலுக்கு அப்பால் ஆப்பிரிக்கா. குடிக்க ஒரு சொட்டு நீர் இல்லை. கையிலிருந்த கழியையே துடுப்பாக்கி வெறிகொண்டு வலித்தார்கள். காற்றும் சற்றே திசை மாறிக் கொடுக்க, தரை தட்டும் ஆழத்திற்கு வந்து பிழைத்தனர்.

மண்ணில் சுவர்க்கம் உண்டென்றால் அது கீலிங்தான் என்ற பொருளில் ஸ்லோகம் எழுதுகிறார். ஒரு மாதத்திற்குச் சற்று அதிகமாய்த் தங்கிய விருந்தாளியின் கண் அது. அந்த மலாய் மக்களுள் பலருடைய முன்னோர் 1826இல் அலெக்ஸாண்டர் ஹேர் என்பவரால் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பின்னர் குளூனிஸ்-ராஸ் குடும்பம் தீவுகளை ஆண்டது. தென்னந்தோப்பில் உழைத்தவர்களுக்கு அக்குடும்பமே வெளியிட்ட பணத்தில்தான் கூலி. அது அக்குடும்பத்தின் கடையில் மட்டுமே செல்லுபடியாகும். 1978இல் ஆஸ்திரேலியா தீவுகளின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கிற்று. 1984இல்தான் அம்மக்கள் வாக்களித்துத் தம் எதிர்காலத்தைத் தாமே தீர்மானித்தனர். இன்று அங்கே நோன்புப் பெருநாள் பொது விடுமுறை.

ஸ்லோகம் ரோட்ரிக்ஸ், மொரீஷியஸ், செயின்ட் ஹெலினா வழியாக 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் சேர்ந்தார். ஓடிய தூரம் 46,000 மைல். அறுபது வயதைக் கடந்த பின்னர் அதே ஸ்ப்ரேயில் மீண்டும் தனியே புறப்பட்டார். அவரும் படகும் திரும்பவில்லை.

இவை அனைத்தையும் அந்த மாணவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன், "அந்த ஓட்டைப் படகில் கூட இருந்தாரே, அவர் பெயர் என்ன ஹஜ்ரத்?" என்றான்.

உலகைத் தனியாகச் சுற்றி வந்த கதையைச் சொல்லும் அந்த நூலில், அவர் பெயர் இல்லை.