கிலோ என்ன விலை?

பி.காம். முதல் வருடத்தில் எங்கள் வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: வவுச்சர் இல்லாத கணக்கு கணக்கே இல்லை. சரித்திரத்துக்கும் அதுதான் விதி. இதை நம் பல்கலைக்கழகங்களிடம் யார் போய்ச் சொல்வது?

ஓய்வு பெற்ற சரித்திரப் பேராசிரியர் ஒருவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போனபோது, நாற்பது வருடமாக ஊர் ஊராக அலைந்து அவர் எழுதி வைத்த நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். “யூனிவர்சிட்டில கேட்டோம் சார். இடம் இல்லைன்னுட்டாங்க. பழைய பேப்பர்காரர்ட்ட போட்டுட்டோம்” என்றார் மகன்.

மகனை நான் குறை சொல்ல மாட்டேன். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய அவசரம் அவருக்கு. ஆனால் ‘இடம் இல்லை’ என்ற அதே வளாகத்தில், விழா போட்டோ ஆல்பங்களுக்குக் கண்ணாடி பீரோ இருக்கிறது!

பேப்பர்தானே, என்ன போச்சு என்கிறீர்களா? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

டபிள்யூ.இ.பி. டூபாய்ஸ். ஹார்வர்டில் 1895-ல் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சரித்திரமும் பொருளாதாரமும் போதித்தவர். வந்த கடிதங்களை மட்டுமல்ல, தான் எழுதிய பதில்களின் நகலையும் பத்திரப்படுத்துகிற மனிதர். 1961-ல் கானாவுக்குக் குடிபெயர்ந்தபோது, காகிதங்களை ஹெர்பர்ட் ஆப்தேக்கர் என்ற சரித்திர ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். 1963-ல் டூபாய்ஸ் இறந்தார். 1973-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் அந்தக் காகிதங்களை விலை கொடுத்து வாங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேலான கடிதங்கள். இன்று இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம்.

அந்தக் குவியலில் இந்தியாவிலிருந்து 1946-ல் போன ஒரு கடிதம் இருக்கிறது. எழுதியவர் அம்பேத்கர்! அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் பிரதி அவருக்குத் தேவைப்பட்டது. தீண்டப்படாத மக்களும் அதுபோல் முறையிட யோசிப்பதாகச் சொல்லி, பிரதி கேட்கிறார். ஜூலை 31 அன்று டூபாய்ஸ் பதில் போடுகிறார். அந்தப் பதிலும் அங்கே இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டு எடைக்குப் போயிருந்தால், ஜாதிக் கொடுமையும் நிறவெறியும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று இந்த இரண்டு பேர் பேசிக்கொண்டதற்கு அங்கே ஆதாரம் ஏது? ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று சொல்ல நம்மூரில் நாலு பேர் கிளம்பியிருப்பார்கள்.

“அவங்ககிட்ட காசு இருக்கு சார்” என்று ஆரம்பிக்காதீர்கள். 1961-லிருந்து 1973 வரை அதைக் காத்தது கோடீஸ்வரப் பல்கலைக்கழகம் அல்ல. அதன் மதிப்பு தெரிந்த ஒரு தனி மனிதர்.

நம் சட்டப்படி ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களை எட்டு வருடம் வைத்திருந்தாக வேண்டும். ஒரு பேராசிரியரின் ஆயுள் உழைப்பை எட்டு நாள் வைத்திருக்க ஆள் இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சரித்திரத் துறைக்கு ஒரு அறை, ஒரு பட்டியல், ஒரு பொறுப்பாளர். ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்துகிறீர்களே, அன்றைக்கே ‘உங்கள் காகிதங்களை எங்களுக்குத் தருவீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாசகர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கலாம். தராசுக்காரரைக் கூப்பிடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள்.