இலவச ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் கூலி

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் திருச்சி ரோட்டில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரி அப்படி ஒன்றும் தூரமில்லை. டாக்டருக்குப் பணம் கிடையாது, மாத்திரைக்கும் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. அப்படியிருந்தும் கிராஸ்கட் ரோடு கடைகளில் நிற்பவர்களும், கணபதி லேத் பட்டறைகளில் இருப்பவர்களும் காய்ச்சல் வந்தால் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். அதற்கும் கேட்காவிட்டால் சாயங்காலம் பக்கத்துக் கிளினிக். ஏன்?

அரசு ஆஸ்பத்திரி என்றால் கவுரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள் எனப் பலர் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் காமர்ஸ் படிக்கும் எனக்கு இதில் வேறொரு கணக்கு தெரிகிறது.

பொருளியலில் 'வாய்ப்புச் செலவு' என்று படிக்கிறோம். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டால், விட்டதன் மதிப்பும் செலவுதான். ஒருவருக்குத் தினக்கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலை நேரத்தில். சீட்டு, டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து என்று ஒவ்வொரு வரிசையாக நின்று வெளியே வரும்போது அன்றைய வேலை போய்விடும். ஆக, இலவச வைத்தியத்தின் விலை 700 ரூபாய். சாயங்காலக் கிளினிக்கில் ஃபீஸும் மாத்திரையும் சேர்த்து 400 ஆனாலும் அவருக்கு அதுதான் லாபம்! மாதச் சம்பளக்காரருக்கு மெடிக்கல் லீவ் இருக்கிறது. அதாவது, இலவச ஆஸ்பத்திரி யாருக்காகக் கட்டப்பட்டதோ அவருக்குத்தான் அது அதிக விலை.

காய்ச்சலோடு போனால் பரவாயில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வலி காட்டாத நோய்கள். வலியில்லாத நோய்க்கு யார் ஒரு நாள் கூலியை விடுவார்கள்? வசதியுள்ளவர் வருடா வருடம் செக்கப் செய்து ஆரம்பத்திலேயே பிடித்துவிடுகிறார். கூலிக்காரருக்குக் கால் புண் ஆறாதபோதுதான் தெரியவருகிறது.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. நல்ல திட்டங்கள்தான். ஆனால் அவை முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கும் ஆபரேஷனுக்கும் உதவுபவை. போன கூலியைத் திருப்பித் தருபவை அல்ல.

அதைத் தருவது ஈ.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் அது 1955ல் முதலில் தொடங்கப்பட்டதே நம் கோவையில்தான். தகுதியுள்ள தொழிலாளிக்கு நோய்க்கால விடுப்பில் 70 சதவீதக் கூலி, வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, வீட்டில் உலையும் கொதிக்க வேண்டும் என்பதை அன்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பொதுவாக 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது கட்டாயம். நம் ஊரில் நாலைந்து பேர் வைத்து ஓடும் பட்டறைகளுக்கா பஞ்சம்?

என்ன செய்யலாம்? 2021ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2023 ஜூனில் மாநிலம் முழுவதும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று நேரம் வைத்தார்கள். பெரிய கட்டிடத்தை விட இந்த மாலை நேரம்தான் முக்கியம் என்பது என் கருத்து. பெரிய ஆஸ்பத்திரியிலும் சர்க்கரை, ரத்த அழுத்தப் பிரிவுகளையாவது வாரத்தில் சில நாள் மாலையில் நடத்தலாம். சின்னப் பட்டறைகளையும் ஈ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவரலாம். டாக்டர்கள் கூடுதலாக வேண்டும், செலவாகும், உண்மைதான். ஆனால் முற்றிய நோய்க்கு அரசே கட்டும் பில் அதைவிடக் குறைவாகவா இருக்கப் போகிறது?

கட்டணம் இல்லை என்று போர்டு வைத்தால் மட்டும் வைத்தியம் இலவசமாகிவிடாது. ஏழையின் நேரத்துக்கும் விலை உண்டு.